அந்த ஐந்து பாடங்களை யார் தேர்ந்தெடுப்பது?

மதுரையில் பல பேருந்து நிறுத்தங்களில் இந்த நோட்டீஸைப் பார்க்கலாம். "பத்தாவது ஃபெயிலா? ஒரே வருடத்தில் பாஸ்! மத்திய அரசு சான்றிதழ்!" கீழே ஒரு செல்போன் எண். இதில் அப்பட்டமான பொய் என்று எதையும் காட்டிவிட முடியாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிற தன்னாட்சி நிறுவனம்தான். 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. சிபிஎஸ்இ போல அதுவும் ஒரு போர்டு. பள்ளிக்குப் போக முடியாதவர், போகப் பிடிக்காதவர், பாதியில் விட்டவர் எல்லோருக்குமான வாசல் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனாலும் அந்த நோட்டீஸைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று வருகிறது. அதற்குக் காரணம் என் அக்கா மகன்.

அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஏப்ரல் மாதம் பள்ளியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். அத்தான் வேலைக்குப் போயிருந்ததால் துணைக்கு நான் போனேன். நிர்வாகி அம்மா நன்றாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார்கள், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். "பையன் நல்ல பையன்மா, ஒழுக்கமான பையன். ஆனா பப்ளிக் எக்ஸாம் பிரஷர் தாங்கமாட்டான். ஓபன் ஸ்கூல்ல போட்டுடுங்க. நமக்குத் தெரிஞ்ச சென்டர் இருக்கு, எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க." முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் அவன் எடுத்தது 19. ஆங்கிலம் தட்டுத் தடுமாறி பாஸ். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுகிற பள்ளிக்கு இப்படி ஒரு பையன் ஆபத்து. அது எங்களுக்குப் புரிந்தது. புரியாதது, மாற்றுச் சான்றிதழ் ஏற்கெனவே எழுதித் தயாராக மேசை மேல் இருந்ததுதான். பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று இருந்தது. அக்கா அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "நான் இன்னும் விருப்பப்படலையே மேடம்" என்றாள். அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு மாறவே இல்லை.

இது ஏன் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான். அதுவரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. எட்டு முடிந்ததும் அந்தக் குடை மடங்கிவிடும். பத்தாவதில் பொதுத்தேர்வு. நடுவில் இருக்கிற ஒன்பதாம் வகுப்பில்தான் வடிகட்டல் நடக்கிறது. அடித்துத் துரத்துவதெல்லாம் இப்போது கிடையாது. கவுன்சிலிங் மாதிரிப் பேசுகிறார்கள். பிள்ளையின் மனநலம், பிரஷர், தனித்திறமை என்று நல்ல நல்ல சொற்களாக வரும். மாற்றுக் கல்வி பேசுகிறவர்கள் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த அத்தனையையும் இவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம், அவரவர் வேகத்தில் படிக்கலாம். சரிதான். ஆனால் இது உங்களுக்கு எப்போது ஞாபகம் வருகிறது? டிசி கொடுக்கிற அன்றைக்கு.

தேர்வு மையத்தில் பார்த்தது

கதையைக் கொஞ்சம் தாண்டி, பின்னால் அவனைத் தேர்வு எழுதக் கூட்டிப்போன நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்ஐஓஎஸ் பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை. ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. மதியம் இரண்டரை மணிக்குப் பரீட்சை. வெயில் மண்டையைப் பிளக்க ஒரு பள்ளியின் வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். டிராக் சூட் போட்ட ஒரு பெண், நீச்சல் வீராங்கனை. அப்பா பக்கத்தில் இளநீர் வைத்துக்கொண்டு நின்றார். காலையும் மாலையும் பயிற்சிக்காகப் பள்ளியை விட்டுவிட்டு இதில் சேர்ந்தவள். அவர்களுக்கு இதில் கூச்சமே இல்லை, பெருமைகூட இருந்தது. இன்னொரு பையனுக்கு வீட்டிலேயே படிப்பு. அம்மாவும் அப்பாவும் கதர்ச் சட்டை, துணிப்பை. நாம் கேட்காமலேயே கல்விமுறை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிற வகை. கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன ஒரு பெண்ணும் இருந்தாள். பத்தாவது படிக்கும்போது கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்களாம்.

அப்புறம் சுவரோரமாக ஒரு கூட்டம். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள், தலையைக் குனிந்து செல்போன் பார்த்தபடி. அதில் இரண்டு பேர் அக்கா மகனின் பழைய வகுப்புத் தோழர்கள். அதே பள்ளி, அதே ஏப்ரல். அவர்களும் "பெற்றோர் விருப்பம்"தான். அம்மாக்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்களுமா?" என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரே வினாத்தாள், ஒரே விதிமுறை, ஒரே சான்றிதழ். ஆனால் நீச்சல் பெண்ணுக்கு அது விரும்பி எடுத்த பாதை, சுவரோரப் பையன்களுக்குத் தள்ளிவிடப்பட்ட இடம். இந்த வித்தியாசத்தை அந்தப் போர்டின் தலையில் கட்ட முடியாது. விரும்பி வருகிறவர் கையில் அடுத்து என்ன என்பதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு ஏற்பப் பாடம் எடுக்கிறார்கள். தள்ளப்பட்டு வருகிறவருக்கு ஒரு புரோக்கர் இருக்கிறார். அவர் பாடம் எடுத்துக் கொடுக்கிறார்.

டிக் அடித்த தாள்

திறந்தநிலைப் பள்ளியின் உண்மையான பலம் அதன் விதிமுறையில் இருக்கிறது. நோட்டீஸில் அது வராது. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம் போதும். அதில் ஒன்றோ இரண்டோ மொழிப்பாடம், மற்றது நம் விருப்பம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் தவிர, ஓவியம், மனையியல், உளவியல், வணிகவியல், டேட்டா என்ட்ரி எல்லாம் பட்டியலில் உண்டு. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை ஒன்று என்று எழுதலாம். பாஸ் பண்ணினது பாஸ் பண்ணினதாகவே கணக்கில் நிற்கும். வேறு போர்டில் ஏற்கெனவே தேறிய பாடம் இருந்தால் இரண்டு வரை இங்கே கொண்டுவரலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். கணக்கைக் கண்டாலே வயிற்றைக் கலக்குகிற ஒரு பிள்ளைக்கு, கணக்கை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு ஒரு வருடம் உட்காரலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! வழக்கமான பள்ளியில் இதற்கு வழியே இல்லை.

பள்ளி கைகாட்டிய சென்டர்காரர் விண்ணப்பத்தோடு வீட்டுக்கே வந்தார். பேச்சு வேகமாக இருந்தது. ஆங்கிலம், ஓவியம், மனையியல், வணிகவியல், இந்தியப் பண்பாடும் மரபும். பேசிக்கொண்டே ஐந்துக்கும் டிக் அடித்துவிட்டார். "எல்லாமே ஈசி சார், கண்ணை மூடிக்கிட்டு பாஸ்." அசைன்மென்ட்டையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். பாட மதிப்பெண்ணில் இருபது சதவீதம் அதற்கு. பையன் எழுதிப் பழகட்டும் என்பதற்காக வைத்த இருபது அது. தொகை என்ன என்று அத்தான் கேட்டார். சொன்ன தொகை, என்ஐஓஎஸ் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் ஆகிற கட்டணத்தைப்போலப் பல மடங்கு. "யோசிச்சுச் சொல்றோம்" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டோம்.

பையன் அன்று வீட்டில் இல்லை. டிசி வாங்கியதிலிருந்து பகலெல்லாம் செல்லூர்ப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில்தான் கிடந்தான். கடை பாயுடையது. வேலைக்கென்று சேரவில்லை, சும்மா போய் உட்கார்ந்து பார்த்து, அப்படியே கைவேலை செய்ய ஆரம்பித்துவிட்டான். மறுநாள் அவனைத் தேடிக்கொண்டு நான் போனபோது ஒரு மூன்று பேஸ் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எரிந்துபோன பழைய காயிலை வெட்டி எடுத்தாகிவிட்டது. ஸ்டேட்டரின், அதாவது மோட்டாரில் சுழலாமல் நிற்கிற பகுதியின், காயில் உட்காருகிற காடியில் லெதராய்டு பேப்பரை மடித்து மடித்துச் செருகிக்கொண்டிருந்தான். பாய் என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் கேட்டார். "எத்தனை ஸ்லாட்?" "முப்பத்தாறு." "எத்தனை போல்?" "நாலு." "அப்ப?" "போலுக்கு ஒன்பது. மூணு பேஸுக்குப் பிரிச்சா மூணு மூணு." சாக்பீஸால் ஸ்டேட்டர் விளிம்பில் மூன்று மூன்றாகக் கோடு போட்டுக்கொண்டே போனான். எங்கே முதல் பேஸ் ஆரம்பிக்கிறது, எத்தனை காடி தள்ளி அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் விரலிலேயே இருந்தது. கணக்கில் 19 வாங்கிய பையன்.

அந்த டிக் அடித்த தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பாயிடம் காட்டினேன். அவர் எண்பதுகளில் ஐடிஐ படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுல கணக்கு எங்க?" என்றார். இல்லை என்றேன். "சயின்ஸு?" அதுவும் இல்லை. "தம்பி, ஐடிஐ-ல எலெக்ட்ரீசியனுக்குப் பத்தாவதுல கணக்கும் சயின்ஸும் கேப்பாங்க. ஃபிட்டருக்கும் அப்படித்தான். வெல்டருக்கு எட்டாவது போதும், வயர்மேனுக்கும் எட்டாவது போதும். அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு கொடுத்துப் பத்தாவது பாஸ் பண்ணணும்?"

விஷயம் அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணியிருப்பான், மார்க் ஷீட்டும் வந்திருக்கும். அவன் எந்த ஒரு வேலைக்காக அந்தக் கடையில் தவம் கிடந்தானோ அந்தக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். அதுவும் யாருக்கும் தெரியாமல். இரண்டு வருடம் கழித்து ஐடிஐ கலந்தாய்வில் போய் நின்றால்தான் தெரிந்திருக்கும். ஈசி என்ற வார்த்தைக்கு நிர்வாகி அம்மாவுக்கும் சென்டர்காரருக்கும் ஒரே பொருள்தான். அவர்கள் கையை விட்டுப் போவது ஈசி. தேர்வு முடிந்தபின் பையன் எங்கே போய் நிற்பான் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

அன்று இரவு வீட்டில் சண்டையே நடந்தது. கணக்கு என்றதும் பையன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அக்கா அழுதாள். அத்தான்தான் மேலே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. இறங்கி வந்த பையன், "கணக்கைக் கடைசியா எழுதிக்கிறேன் மாமா, அதுக்கு ரூல்ஸ்ல இடம் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. அதுக்காகத்தானே அந்த ரூல்ஸே. தமிழ், ஆங்கிலம், அறிவியல், வணிகவியல், கணக்கு என்று நாங்களே தளத்தில் பதிவு செய்தோம். அசைன்மென்ட்டை அவனே எழுதினான், பிழையும் அடித்தல் திருத்தலுமாக.

டுடோரியலில் இருந்து இன்று வரை

என் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டுடோரியல் காலேஜ் இருந்தது. காலேஜ் என்றுதான் பெயர், ஓட்டுக் கட்டடமாக இருக்கும். பத்தாவதில் ஆங்கிலமும் கணக்கும் போனவர்கள் அங்கே கூடுவார்கள். மீசை வைத்தவர், கல்யாணமானவர், கடையில் பொட்டலம் கட்டுகிறவர் எல்லாம் ஒரே பெஞ்சு. அந்த வழி இன்னும் மூடவில்லை. எட்டாவது தேறி, பதினான்கரை வயது முடிந்திருந்தால் நேரடித் தனித்தேர்வராக மாநிலப் பத்தாம் வகுப்பையே எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் ஒழுங்காகப் போக வேண்டும். தவறின பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம். வெறும் பயமும் சோம்பலும்தான் பிரச்சினை, எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியும் என்கிற பிள்ளைக்கு இதுவே நேர்வழி என்று நான் சொல்வேன். நம் ஊர் எஸ்எஸ்எல்சி, இந்தப் படிப்பு அந்தப் படிப்புக்குச் சமம் என்று காட்டுகிற இணைச்சான்று பற்றி எங்கேயும் விளக்க வேண்டியதில்லை. அந்த நிர்வாகி அம்மாவும் சொல்லவில்லை, சென்டர்காரரும் சொல்லவில்லை. இதில் யாருக்கும் கமிஷன் இல்லை.

இணைச்சான்று என்பது சின்ன விஷயமில்லை. திறந்தநிலைப் பள்ளி மாணவர் மருத்துவ நுழைவுத்தேர்வு எழுத முடியாது என்று ஒரு விதி இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2024-ல்தான் உச்ச நீதிமன்றம்வரை போய் விவகாரம் முடிந்தது. சான்றிதழை அச்சடித்துக் கொடுப்பவர் ஒருவர், செல்லும் என்று சொல்ல வேண்டியவர் வேறொருவர். இதற்கு நடுவில் எத்தனை பிள்ளைகளின் வயது போயிருக்கும்!

பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவுக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதேதான். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே அதுவும் வந்தது. விவசாயம், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், தட்டெழுத்து-சுருக்கெழுத்து, நெசவு, நர்சிங். அரசுப் பள்ளியில் லேத் பட்டறை இருந்த காலம் உண்டு. என் பள்ளியிலும் இருந்தது, அந்த எண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்கும். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்கென்று தனி இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வராது, ஆள் வராவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பள்ளி பள்ளியாகத் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில், "அந்த குரூப்பா? மார்க் கம்மியா?" என்று கேட்கிற இடமாகிவிட்டது.

பாலிடெக்னிக்குக்கு மட்டும் ஏன் இந்தக் கதி வரவில்லை? பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ. முடித்ததும் வேலைக்குப் போகலாம். வேண்டுமானால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். பிளஸ் டூவையும் முதல் வருடத்தையும் தாண்டிக் குதித்த மாதிரி. இந்த ஒரு விதிதான் அப்பா அம்மாக்களைச் சம்மதிக்க வைத்தது. பக்கத்துத் தெருவில் நுழைந்தாலும் மெயின் ரோட்டுக்குத் திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தால் பயப்படாமல் நுழைவார்கள். புதிது புதிதாகத் திட்டம் அறிவிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நான் முதல்வன் வந்திருக்கிறது, டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோவும் சிஎன்சியும் மின்வாகனமும் வைத்திருக்கிறார்கள், அரசு ஐடிஐ மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. எல்லாம் நல்லது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் டிசி வாங்கி வருகிற அம்மாவிடம் இவற்றை எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. அங்கே இருப்பது டிக் அடிக்கிற பேனா மட்டும்தான்.

கணக்கு அவனுக்கு லேசில் வரவில்லை. மற்ற நான்கும் முடிந்து, கணக்கு மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒருமுறை ரிசல்ட் பார்த்துவிட்டு இரண்டு நாள் கடைக்கும் போகவில்லை. பாய்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பக்கத்துத் தெரு டியூஷன் டீச்சர் ஒருவர், அவன் கொண்டுவந்த காயில் கணக்கிலேயே ஆரம்பித்து விகிதமும் சதவீதமும் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் 41 வந்தது. அக்கா கோயிலுக்குப் போனாள். பையன் புரோட்டா கடைக்குப் போனான்.

இப்போது புதூர் ஐடிஐ-யில் எலெக்ட்ரீசியன் இரண்டாம் வருடம். அடுத்து என்ன என்பதில் வீட்டில் மூன்று கட்சி. அத்தானுக்கு அவன் பாலிடெக்னிக் போக வேண்டும், ஐடிஐ முடித்தவர் அங்கேயும் நேரடி இரண்டாம் வருடம் சேரலாம். பையனுக்கு அப்ரென்டிஸ் போக ஆசை, திருச்சி பெல்லோ சென்னை ஐசிஎஃபோ கோவையில் ஒரு பம்ப் கம்பெனியோ. பாய் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் கடைக்குள் இரண்டாவது வைண்டிங் மேசை ஒன்று வந்திருக்கிறது. அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. பத்தாவதுக்கு மேல் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள் மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்கு இணைச்சான்று வாங்கலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்துவிட்டாள். எந்தப் பக்கம் போனாலும் அதை முதலில் எழுதிவிட்டுப் போடா என்கிறாள். பையன் தமிழுக்குச் சரி என்றுவிட்டான். ஆங்கிலத் தாளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் இன்னும் மொட்டை மாடிக்குத்தான் போகிறான்.